துதியும் துயரும்: கிறித்தவரின் நாளாந்த நன்றிச் செபம்



கல்முனையிலே காலை வேளையில் இருவர் எதிர்ப்பட்டு, 'சுகமா?' என வினவிக்கொண்டால், முஸ்லிம் அன்பர் 'அல்ஹம்துலில்லாஹ்' என்பார். கிறித்தவ அன்பர் 'ஸ்தோத்திரம்' என்பார். முன்னது அரபு மொழி, பின்னது வடசொல். இறைவனைப் புகழ்தலே இரண்டினதும் கருத்தாகும். ஐவேளைத் தொழுகையில் கடமையான 17 றக்அத்துக்களிலும், இறைபுகழ்ச்சியோடு தொடங்கும் அல்பாத்திஹா ஓதப்படுவதை இக்கரையோரத்தார் நன்கறிவர். ஆயின், அயலவராகிய கிறித்தவரின் நாளாந்தத் துதி எவ்வாறு வளர்ந்தது என்பதை அறிந்தார் சிலரே. அவ்வரலாற்றினை இன்று சிறிது நோக்குவோம்.

அத்துதியின் ஊற்று, யூத மக்களின் சங்கீதப் புத்தகமாகும். 150 பாடல்களைக் கொண்ட அந்நூலுக்கு எபிரேய மொழியில் 'தெஹில்லீம்', அதாவது 'புகழ்ச்சிகள்', என்று பெயர். பெயரைக் கண்டு, அது முழுவதும் மகிழ்ச்சிப் பாடல்களே என எண்ணுதல் தவறு. அவற்றுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு முறையீடும் புலம்பலுமேயாம். புலம்பலில் தொடங்கும் பாடல்களுட் பெரும்பாலானவை துதியில் முடிகின்றன. 88 ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதனையும் 'புகழ்ச்சிகள்' என்னும் தொகுப்பினுள் வைத்தனர் முன்னோர். துயரை மறையாது இறைவன்முன் உரைத்தலும் வழிபாட்டின் ஒரு கூறே என அவர்கள் கருதினர் போலும்.

அந்நூலையே கிறித்தவரும் தம் செபநூலாக ஏற்றனர். அவர்தம் திருவிருந்துக்கு வழங்கும் 'யூக்கரிஸ்தியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'நன்றி கூறல்' என்பதே பொருள். கி.பி. 6 ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கிலே, பகலில் ஏழு வேளையும் இரவில் ஒரு வேளையும் செபத்துக்குரியனவாயின. 150 சங்கீதங்களையும் வாரந்தோறும் பாடி முடித்தல் வேண்டும் என்பது விதி.

துறவிக்கு மணியோசையும் மடமும் உண்டு. இல்லறத்தார் யாது செய்தனர்? அவர்தம் துதி வீட்டிலே, உணவு மேசையருகே வளர்ந்தது. செர்மனி நாட்டிலே முப்பதாண்டுப் போர் நிகழ்ந்த காலத்தில், ஐலன்பூர்க் நகரப் போதகராயிருந்த மார்ட்டின் ரிங்கார்ட், உணவு வேளையில் வீட்டார் பாடுதற்கென ஒரு நன்றிப் பாடலை இயற்றினார். 1637 ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் ஏறத்தாழ 4,000 பேரை அடக்கம் செய்தவர் அவர். அவர்தம் மனைவியும் அவ்வாண்டிலேயே மாண்டார். அப்பாடலோ இன்றும் உலகெங்கும் பாடப்படுகின்றது.

தமிழகத்திலும் வரலாறு இவ்வாறே சென்றது. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல், 1578 ஒக்டோபர் 20 இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' ஆகும். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் ஆக்கிய அச்சிறு நூல் 16 பக்கங்களே கொண்டது; மறையின் அடிப்படைகளும் செபங்களுமே அதன் பொருள். தமிழ் அச்சு பிறந்ததே சாதாரண மக்கள் நாள்தோறும் சொல்லுதற்குரிய செபங்களுக்காக என்பது நினைந்து மகிழத்தக்கது.

இலங்கையிலே ஒல்லாந்தர் 1658 இல் போர்த்துக்கேயரை வென்றபின், கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரண தண்டனை எனக் கட்டளையிட்டனர். ஆலயங்கள் பறிபோயின. கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் 1687 இல் மாறுவேடம் பூண்டு யாழ்ப்பாணம் வந்தபோது, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குருவைக் காணாதிருந்த குடும்பங்கள் தம் இல்லங்களிலே செபித்து வந்தமை கண்டார். பின்னர் மூப்பர், அண்ணாவியார் எனப்பட்ட இல்லறத்தார் ஊர்தோறும் செபங்களை முன்னின்று நடத்தினர். அவருக்குப் பின்வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் சமய நூல்கள் இயற்றி உதவினார். வாஸ் அடிகளார் 2015 சனவரி 14 இல் புனிதராக உயர்த்தப்பெற்றார்.

இனி நமது கீழ்க்கரைக்கு வருவோம். மெதடிஸ்த சபையின் தந்தையாகிய ஜோன் உவெஸ்லி 1733 இல் வெளியிட்ட முதல் நூல், வாரத்தின் ஒவ்வொரு நாளுக்குமான செபத் தொகுப்பேயாகும். அதிலே சனிக்கிழமையை நன்றியுணர்வுக்கு ஒதுக்கினார். அம்மரபிலே வந்த வில்லியம் ஓல்ட், கடற்பயணத்திலே தம் மனைவியை இழந்து, 1814 இல் தனியராய் மட்டக்களப்பை அடைந்தார். தமிழ் கற்றார், பள்ளிகள் தொடங்கினார், ஓராண்டு நிறையுமுன், 1815 இல் உயிர் நீத்தார். அம்மரபின் பெயரைக் கல்முனை உவெஸ்லி உயர்தரப் பாடசாலை இன்றும் தாங்கி நிற்கின்றது.

இவ்வரலாறு நம்மை ஒரு கடினமான வினாவின்முன் நிறுத்துகிறது. 2004 டிசம்பர் 25 இல் இக்கரையோர ஆலயங்களில் நத்தார் நன்றி வழிபாடு நடந்தது. மறுநாட் காலை கடல் பொங்கியது. இலங்கையிலே மிகக் கூடிய உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டமே; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் முஸ்லிம், இந்து, கிறித்தவர் என்று கடல் பிரித்தறியவில்லை. அதன்பின் 'ஸ்தோத்திரம்' என்று எவ்வாறு சொல்வது?

பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், 'அதற்கும் நன்றி சொல்' என்று கூறுதல் கொடுமை. பழைய செபநூல் அவ்வாறு கூறவில்லை. பவுல் அடியார் தெசலோனிக்கேயருக்கு எழுதிய நிருபத்திலும், எல்லா நிலையிலும் நன்றி செலுத்துமாறு கூறப்பட்டுள்ளதேயன்றி, நேர்ந்த தீங்கினை நன்மை எனச் சொல்லுமாறு கூறப்படவில்லை. அழுகைக்கு இடமளிக்காத துதி, 88 ஆம் சங்கீதத்தைக் கிழித்தெறிந்த துதியாகும்.

ஆகவே, நாளாந்த நன்றிச் செபம் என்பது வளமான நாட்களின் விளைபொருள் அன்று. போரிலும் கொள்ளைநோயிலும் அடக்குமுறையிலும், குருவின்றியும் கோயிலின்றியும், எளிய மக்கள் தம் தாய்மொழியிலே காத்து வந்த பழக்கம் அது. உணவுக்குமுன் ஒரு சொல், உறங்குமுன் ஒரு சொல், அவ்வளவே. சொல்ல முடியாத நாளிலே, அருகிருப்பவர் நமக்காக அதனைச் சொல்வார். அயலவர் வாயில் 'அல்ஹம்துலில்லாஹ்' என்றோ 'ஸ்தோத்திரம்' என்றோ கேட்கும்பொழுது, அச்சொல்லின் பின்னே எத்தனை தலைமுறைகளின் கண்ணீர் உண்டென்பதை எண்ணிப் பார்ப்போமாக.