ஐன்ஸ்டைனைத் திருத்திய பத்துப் பக்கங்கள்

1936 ஜூன் 1 அன்று 'பிசிக்கல் ரிவ்யூ' என்ற அமெரிக்க இதழுக்கு ஒரு கட்டுரை வந்து சேர்ந்தது. தலைப்பே ஒரு கேள்வி: ஈர்ப்பலைகள் இருக்கின்றனவா? உள்ளே இருந்த பதில், இல்லை. எழுதியவர்கள் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் நாதன் ரோசனும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பொருள்கள் அசையும்போது வெளியும் காலமும் அதிர்ந்து, அந்த அதிர்வு அலையாகப் பரவும் என்று 1916ல் சொன்னவரே ஐன்ஸ்டைன்தான். அது தோராயக் கணக்கு. இருபது வருஷம் கழித்து ரோசனோடு சேர்ந்து துல்லியமான தீர்வைத் தேடினார். எப்படிப் போட்டாலும் ஓரிடத்தில் சமன்பாடு உடைந்து முடிவிலிக்கு ஓடியது. அப்படியென்றால் அலையே கிடையாது என்று முடிவுகட்டி, நண்பர் மாக்ஸ் போர்னுக்கும் கடிதம் எழுதிவிட்டார்.

இதழின் ஆசிரியர் ஜான் டேட்டுக்குச் சந்தேகம் வந்தது. கட்டுரையை ஒரு ரெஃபரிக்கு அனுப்பினார். இன்றைக்கு இது சாதாரணம். அன்று அப்படி இல்லை. ஐன்ஸ்டைன் வளர்ந்த ஜெர்மன் இதழ்களில் ஆசிரியர் குழுவே படித்து முடிவெடுக்கும். பெயர் தெரியாத ஒருவரிடம் கட்டுரையைக் கொடுத்துக் கருத்துக் கேட்கும் பழக்கம் அவருக்குப் புதிது.

ரெஃபரி பத்துப் பக்கம் எழுதினார். சாரம் இதுதான்: உடைவது அலை இல்லை, நீங்கள் தேர்ந்தெடுத்த ஆயத்தொலைவு முறை. வட துருவத்தில் நின்றுகொண்டு 'நான் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறேன்?' என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடைக்காது. அதற்காக வட துருவமே கிடையாது என்று சொல்வோமா? வரைபடத்தின் கோளாறு அது, பூமியின் கோளாறு இல்லை. அதே கணக்கை உருளை வடிவ ஆயங்களில் எழுதிப் பாருங்கள், சிக்கல் விலகிவிடும் என்றார் ரெஃபரி.

ஜூலை 23 அன்று டேட் அந்த அறிக்கையோடு கட்டுரையை மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். நான்கே நாளில் பதில் வந்தது. வெளியிடத்தான் அனுப்பினோம், அச்சாகும் முன் நிபுணர்களிடம் காட்ட உங்களுக்கு அனுமதி தரவில்லை, யாரோ ஒருவரின் தவறான கருத்துகளுக்குப் பதில் சொல்லக் காரணம் எதுவும் தெரியவில்லை, வேறு இடத்தில் வெளியிட்டுக்கொள்கிறேன் என்ற தொனியில் ஐன்ஸ்டைன் எழுதியிருந்தார். கட்டுரை பிலடெல்பியாவின் பிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட் இதழுக்குப் போனது. அதற்குப் பிறகு தன் ஆய்வுக்கட்டுரை எதையும் அவர் 'பிசிக்கல் ரிவ்யூ'வுக்குத் தரவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் தவறு அப்படியே அச்சாகியிருக்கும்.

அந்தக் கோடையில் ஹோவர்ட் ராபர்ட்சன் என்ற சார்பியல் நிபுணர், கலிபோர்னியாவில் விடுப்பை முடித்துக்கொண்டு பிரின்ஸ்டனுக்குத் திரும்பினார். ரோசன் அதற்குள் சோவியத் யூனியனுக்குப் போயிருந்தார். ஐன்ஸ்டைனுக்குப் புது உதவியாளராக லியோபோல்ட் இன்ஃபெல்ட் வந்திருந்தார். ராபர்ட்சன் அவரோடு நட்பானார். பேச்சு ஈர்ப்பலைகள் பக்கம் போனது. அலை இல்லை என்பதற்கு இன்ஃபெல்ட் தன் நிரூபணத்தைக் காட்ட, ராபர்ட்சன் அதிலிருந்த ஓட்டையைக் காட்டினார். இன்ஃபெல்ட் ஓடிப்போய்ச் சொன்னபோது, முந்தைய இரவே தானும் ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டதாக ஐன்ஸ்டைன் சொன்னாராம். அச்சுப்படி நிலையில் கட்டுரை தலைகீழாக மாறியது. 1937ல் வெளிவந்தபோது தலைப்பில் கேள்வி இல்லை: 'ஈர்ப்பலைகள் குறித்து'. முடிவு, உருளை வடிவ அலைகள் உண்டு. ராபர்ட்சனுக்கு நன்றியும் இருந்தது.

அந்த ரெஃபரி ராபர்ட்சன்தான். ஆசிரியர் டேட் வைத்திருந்த பதிவேட்டை ஆதாரமாகக் காட்டி டேனியல் கென்னஃபிக் இதை 2005ல்தான் எழுதினார்.

ஒரே விமர்சனம் இரண்டு முறை போயிருக்கிறது. கவரில் போனபோது அவமானமாகத் தெரிந்தது, பேச்சுவாக்கில் போனபோது உதவியாகத் தெரிந்தது. மென்பொருள் வேலையில் தினமும் கோட் ரிவ்யூ பார்க்கிற எனக்கு இது புதிதில்லை. ஒரே பிழைதான், கமெண்டில் எழுதினால் சண்டை, டீ குடிக்கும்போது சொன்னால் 'அட, ஆமால்ல!' அதைவிட முக்கியமானது ராபர்ட்சன் படித்த விதம். எழுதியவர் யார் என்று பார்த்து மடங்கவில்லை. 'தப்பு' என்று ஒரு வரியில் ஒதுக்கவும் இல்லை. கணக்கைத் தானே போட்டுப் பார்த்து, இந்தக் கட்டுரை உண்மையில் எதை நிரூபிக்கிறது என்று எழுதியவருக்கே காட்டினார். ரிவ்யூவில் 'நல்லா இருக்கு' என்று தட்டிவிட்டுப் போவதும், ஒரு கமா இல்லை என்று குதிப்பதும் இதோடு ஒப்பிட்டால் சோம்பேறித்தனம்தான்.

அலைகள் உண்டா என்ற விவாதம் அதோடு ஓயவில்லை, 1950கள் வரை நீண்டது. 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள் ஈர்ப்பலையை நேரடியாகப் பதிவு செய்தன. அந்தக் கட்டுரை 2016 பிப்ரவரியில், ரெஃபரிகளைத் தாண்டி, 'பிசிக்கல் ரிவ்யூ'வின் சகோதர இதழான 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்'ல் வெளிவந்தது.

1937 பிப்ரவரியில் ராபர்ட்சன் டேட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் புகழ்பெற்ற எழுத்தாளரின் கட்டுரை பிறகு என்ன ஆனது என்று சொல்கிறேன் என ஆரம்பித்து நடந்ததையெல்லாம் கிண்டலாக விவரிக்கிறார். ரெஃபரி யார் என்று டேட்டுக்குத் தெரியும், ராபர்ட்சனுக்கும் தெரியும். அந்தக் கடிதத்திலும் அந்த ரெஃபரி தான்தான் என்று அவர் சொல்லவில்லை, 'உங்கள் ரெஃபரி' சுட்டிக்காட்டிய பிழைகள் என்றே எழுதியிருக்கிறார்.