துடுப்பு வலித்தவர்கள் – 4: பதினான்கு நாள் இடைவெளி

நியூயார்க்கிலிருந்து துடுப்புப் படகில் புறப்பட்ட 55-ஆம் நாள், 1896 ஆகஸ்ட் 1 அன்று, ஹார்போவும் சாமுவல்சனும் இங்கிலாந்தின் சில்லித் தீவுகளில் கால் வைத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். நடுவழியில் அவர்களுடைய 'ஃபாக்ஸ்' படகு கவிழ்ந்தபோது அவர்களைக் காப்பாற்றியவை, படகின் அடியில் முன்யோசனையோடு பொருத்தியிருந்த பிடிமானக் கம்பிகள்தாம். கரையில் இருந்தபோதே 'கவிழ்ந்தால் என்ன செய்வது' என்று யோசித்தவர்கள் அவர்கள்.

அதன்பின் 70 ஆண்டுகள் அட்லாண்டிக்கைத் துடுப்பால் கடந்தவர் எவருமில்லை.

1960-களின் நடுவில் டேவிட் ஜான்ஸ்டோன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் அந்தச் சாதனையைத் தானும் செய்ய நினைத்தார். துணைக்கு ஆள் வேண்டும் என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். விண்ணப்பித்தவர்களில் ஒருவர் பாராசூட் படைப்பிரிவின் கேப்டன் ஜான் ரிட்ஜ்வே. நேரில் சந்தித்தும் பேசினார்கள். கடைசியில் ஜான்ஸ்டோன் தேர்ந்தெடுத்தது ஜான் ஹோர் என்ற இன்னொரு பத்திரிகையாளரை.

இடம் கிடைக்காத ரிட்ஜ்வே, தானே ஒரு படகோடு கிளம்புவது என்று முடிவெடுத்தார். அவருடைய படைப்பிரிவிலேயே சார்ஜெண்டாக இருந்த சே பிளைத் 'நான் வருகிறேன்' என்று முன்வந்தார். இருவரும் ஏற்கெனவே சிறுபடகுப் போட்டியில் சேர்ந்து துடுப்புப் போட்டவர்கள். களைத்துப் போகும்போது மற்றவர் எப்படி நடந்துகொள்வார் என்பது இருவருக்கும் தெரியும். பல வாரங்கள் ஒரே பலகையில் உட்காரப் போகிறவர்களுக்கு, என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய தயாரிப்பு வேறில்லை.

இனி படகுகளைப் பார்ப்போம். இந்தக் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

ஜான்ஸ்டோன் தன் படகை வடிவமைக்கக் கொலின் மூடியை நாடினார். மூடி சாதாரண ஆள் இல்லை. 1958-இல் பலூனில் அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பியவர்களில் ஒருவர் அவர். பலூன் நடுக்கடலில் இறங்கிவிட்டது. ஆனால் அதன் கூடையைப் படகாகவே கட்டியிருந்தார்கள். அதில் பாய் விரித்து பார்படோஸ் வந்து சேர்ந்தார்கள். அப்படிப்பட்டவர் வரைந்து கொடுத்ததுதான் 'பஃபின்'. நீளம் சுமார் 15 அடி. படுத்துக்கொள்ள மூடிய அறை உண்டு. கடலுக்கென்றே சிந்தித்துச் செய்த புதுப் படகு.

ரிட்ஜ்வே அதற்கு நேர் எதிர்த்திசையில் போனார். புதிதாக எதுவும் வேண்டாம், மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பியது போதும் என்று 20 அடி நீளமுள்ள டோரி ஒன்றை வாங்கினார். அகலம் குறைந்த தட்டையான அடி, மேலே போகப்போக வெளிப்பக்கம் விரியும் பக்கங்கள். நியூ இங்கிலாந்து மீன்பிடிக் கப்பல்களில் குறுக்குப் பலகைகளைக் கழற்றிவிட்டு, கிண்ணத்துக்குள் கிண்ணம் வைப்பதுபோல் டோரிகளை அடுக்கி எடுத்துப் போவார்கள். சரக்கு ஏற்ற ஏற்ற அவை நிலைத்து நிற்கும். ஆனால் திறந்த படகு. அறை கிடையாது, மேல்தளம் கிடையாது. பக்கங்களை உயர்த்தி, கித்தான் மூடிகள் கட்டி, 'இங்கிலீஷ் ரோஸ் 3' என்று பெயரிட்டார்கள். அலை உள்ளே வந்தால் கையால் இறைக்க வேண்டும். மழை வந்தால் நனைய வேண்டும்.

இன்றைய நிலைமை வேறு. கானரித் தீவுகளின் லா கோமேராவிலிருந்து கரீபியனின் ஆன்டிகுவா வரை, ஏறத்தாழ 3000 மைல் துடுப்பு வலிக்கும் போட்டி ஆண்டுதோறும் நடக்கிறது. கவிழ்ந்தாலும் தானே நிமிரும் படகு, கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி, சூரியத் தகடு, படகோடு உடலைப் பிணைக்கும் கயிறு, ஆபத்தென்றால் செயற்கைக்கோளுக்குச் சேதி அனுப்பும் கருவி எல்லாம் கட்டாயம். அமைப்பாளர்கள் ஒவ்வொன்றையும் சோதித்த பிறகுதான் படகு கடலில் இறங்கும். இரண்டு மணி நேரம் வலி, இரண்டு மணி நேரம் தூங்கு என்பது வழக்கமான முறை. உப்புப் படிந்த தோல் இருக்கையில் உராய்ந்து உராய்ந்து புண்ணாகும் என்பதால் மருந்து, மெத்தை என்று தனிப் பட்டியலே உண்டு. அந்தக் கட்டாயப் பட்டியலை வாசிக்கும்போதெல்லாம், இவற்றில் ஏறக்குறைய எதுவும் இல்லாமல் கிளம்பிய இந்த நால்வரின் நினைவு எனக்கு வந்துவிடும். அட்லாண்டிக்கின் குறுக்கே துடுப்புப் போட்டி என்பதையே 1997-இல் தொடங்கிவைத்தவர் இந்த நால்வரில் ஒருவர். அவர் யார் என்பதை இப்போது சொல்ல மாட்டேன்.

1966 மே 21. வர்ஜீனியா பீச்சிலிருந்து 'பஃபின்' புறப்பட்டது. கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற வெப்ப நீரோட்டத்தைச் சீக்கிரம் பிடித்தால் அதுவே கிழக்கே இழுத்துப் போகும் என்பது ஜான்ஸ்டோனின் கணக்கு. தெற்கே புறப்பட்டதால் போக வேண்டிய தூரம் அதிகம். ரிட்ஜ்வே வடக்கே, மாசசூசெட்ஸின் கேப் காட் முனையைத் தேர்ந்தெடுத்தார். அயர்லாந்துக்குத் தூரம் குறைவு. ஆனால் குளிரும் மூடுபனியும் அதிகம். அங்கே ஆர்லியன்ஸ் ஊர்க்காரர்களும் மீனவர்களும் இந்த இரண்டு சிப்பாய்களுக்கும் தங்கள் கடலைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். டோரி அவர்களுக்குப் பழக்கமான படகு. அவர்களின் வார்த்தையை ரிட்ஜ்வே மதித்துக் கேட்டார்.

ஜூன் 4. 'இங்கிலீஷ் ரோஸ் 3' கரையை விட்டு விலகியது. ரிட்ஜ்வேக்கு வயது 27, பிளைத்துக்கு 26. 'பஃபின்' பதினான்கு நாள் முன்னால் போயிருந்தது. இரண்டு படகுகளுக்கும் நடுவே பேச்சு இல்லை, செய்தி இல்லை. ஒருவர் எங்கே இருக்கிறார் என்பது மற்றவருக்குத் தெரியாது.

அதே ஜூன் 4 அன்று, இரு படகுகளுக்கும் வெகு தெற்கே, நிகரகுவாவின் மேல் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகிக்கொண்டிருந்தது. சில நாட்களில் அது புயலாகி, வடக்கு நோக்கித் திரும்பியது. வானிலை ஆய்வாளர்கள் அதற்கு வைத்த பெயர் அல்மா. கேப் காட்டிலிருந்து கிளம்பிய திறந்த படகு அதை எப்படி எதிர்கொண்டது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)