நீரேற்று மின் நிலையம்: ஆற்றல் செயல்திறன்

மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணை நீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்து, தேவை கூடும்போது அதே நீரை இறக்கி மின்சாரம் எடுக்கும் அமைப்பு நீரேற்று மின் நிலையம். தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடி ஆனைமலைத் தொடரில் உள்ள காடம்பாறை. மலையைக் குடைந்து அமைத்த அதன் மின்னகத்தில் தலா 100 மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்கள் 1987 முதல் ஒவ்வொன்றாக இயக்கத்துக்கு வந்தன. மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை. ஒரே இயந்திரம் ஒரு திசையில் சுழன்றால் டர்பைன், எதிர்த்திசையில் சுழன்றால் பம்பு.

இத்தகைய நிலையத்தில் 100 யூனிட் செலவிட்டு நீரை ஏற்றினால் 70 முதல் 80 யூனிட் வரை திரும்பக் கிடைக்கும். ஏற்றும்போது சுமார் பத்து விழுக்காடும் இறக்கும்போது ஏறக்குறைய அதே அளவும் இழப்பாகும்; குழாய் உராய்விலும் மின்மாற்றியிலும் இன்னும் கொஞ்சம் போகும். சாதாரண நிலக்கரி நிலையம் எரிபொருள் வெப்பத்தில் 33 முதல் 38 விழுக்காட்டைத்தான் மின்சாரமாக்குகிறது. கூடங்குளம் உலை ஒன்றின் 3,000 மெகாவாட் வெப்பத்திலிருந்து கிடைப்பது 1,000 மெகாவாட் மின்சாரம்.

இந்த எண்களை ஒரே பட்டியலில் அடுக்கி நீரேற்று நிலையம் அனல் நிலையத்தைவிட இரு மடங்கு திறன் வாய்ந்தது என்று சொல்வது பெரும் பிழை. அனல் நிலையம் மின்சாரத்தை உண்டாக்குகிறது. நீரேற்று நிலையமோ ஏற்கெனவே உண்டான மின்சாரத்தைச் சேமிக்கிறது. 36 விழுக்காடு திறனுள்ள நிலக்கரி மின்சாரத்தில் நீரை ஏற்றி, 75 விழுக்காடு திரும்பப் பெற்றால், மொத்தத்தில் எரிபொருளின் 27 விழுக்காடுதான் மிஞ்சும். நீரேற்று நிலையத்துடன் ஒப்பிட வேண்டியது 85 விழுக்காட்டை ஒட்டித் திருப்பித் தரும் லித்தியம் பேட்டரியை. பேட்டரி இதில் முந்தினாலும், அணையும் டர்பைனும் பல பத்தாண்டுகள் உழைக்கும். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதியில் ஆடிக்காற்று வீசும்போது வாங்க ஆளில்லாமல் காற்றாலைகளை நிறுத்திவைக்கும் நிலை வந்தால், அந்த மின்சாரத்தில் முக்கால் பங்கை மீட்பதே பெரிய லாபம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் நீரேற்று நிலையம் எதுவும் இயங்கவில்லை. ஆனால் மலைக்கும் அடிவாரத்துக்கும் உள்ள உயர வேறுபாடு கணக்குப் போட்டுப் பார்க்கத் தூண்டுவது. இழப்பைக் கழிக்காமல் பார்த்தால், ஒரு கன மீட்டர் நீர் 367 மீட்டர் இறங்கும்போது ஒரு யூனிட் கிடைக்கும். அடிவாரத்துக் கோமுகி அணையின் கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 15.9 லட்சம் கன மீட்டர், அந்த உயரத்திலிருந்து இறங்கினால் இழப்பு போக ஏறத்தாழ 14 லட்சம் யூனிட்.

கணக்கு இவ்வளவு எளிதென்றாலும் கோமுகி பாசன அணை. ஏற்றிய நீர் மீண்டும் கீழே வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் சுழற்சிக்கென ஒரு பங்கு எப்போதும் இருப்பில் நின்றாக வேண்டும். கோடையில் நீர்மட்டம் தாழும்போது அந்தப் பங்கு வயலுக்குரிய நீரோடு மோதும். ஆற்றோடு சேராமல் இரு தனி நீர்த்தேக்கங்கள் கட்டினால், முதல் நிரப்பலுக்குப் பின் ஆவியாதலையும் கசிவையும் ஈடுசெய்தால் போதும். ஆனால் மேல் நீர்த்தேக்கம் அமையக்கூடிய சமவெளிகளில் மலையாளிப் பழங்குடியினர் பயிரிட்டு வாழ்கிறார்கள், சுற்றிலும் காப்புக்காடு. எனவே எந்தத் திட்டமானாலும் வன உரிமைச் சட்டம், 2006-இன்படி அவர்களின் உரிமைகளை முதலில் தீர்த்துவைக்க வேண்டும்.