பொறியியல் அறவியல் கல்வி

பொறியியல் அறவியல் கல்வி என்பது, தொழில்முறை முடிவுகளால் மக்களின் பாதுகாப்புக்கும் நலனுக்கும் நேரும் விளைவுகளை எடைபோட மாணவர்களைப் பயிற்றும் பாடத்துறை. பயன்முறை அறவியலின் கிளையான இது, தனித்தாளாகவோ வடிவமைப்பு, கணினி, மேலாண்மைப் பாடங்களுக்குள் இணைத்தோ கற்பிக்கப்படுகிறது. இரண்டில் இணைப்பு முறையே பொருத்தமானது என்பதற்கு, வகுப்புகளில் அடிக்கடி அலசப்படும் சாலஞ்சர் விண்ணோட விபத்தே சான்று. 1986 ஜனவரி 28 அன்று, ஏவிய 73 நொடிகளில் அவ்விண்ணோடம் சிதைந்து 7 பேர் இறந்தனர். திட எரிபொருள் உந்தியின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் மீள்திறன் இழக்கும் என்று கூறி, அந்த உந்தியைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனப் பொறியாளர் ரோஜர் பாய்ஜாலியும் சகாக்களும் முந்தைய இரவே ஏவுதலை எதிர்த்தனர். ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்ற பரிந்துரையை நிறுவன மேலாளர்கள் திரும்பப் பெற்றனர். பொருளறிவியல், தரவு விளக்கம், நிர்வாக அழுத்தம் மூன்றும் இங்கே ஒரே முடிவில் பின்னிக் கிடக்கின்றன. ரப்பரின் இயல்பு தெரியாதவருக்கு அதிலுள்ள அறச்சிக்கலும் புலப்படாது.

பாடச்சுமை கூடும், பொறியியல் ஆசிரியருக்கு மெய்யியல் பயிற்சி இல்லை என்பன எதிர்வாதங்கள். இரண்டாவது வலுவானது. ஹார்வர்டு பல்கலைக்கழகக் கணினி அறிவியல் பாடங்களில் மெய்யியலாளர்களையே வகுப்புக்கு வரவழைத்து இதைச் சமாளிக்கிறார்கள்; மெய்யியல் துறையே இல்லாத கல்லூரிகளுக்கு அந்த வசதி வாய்க்காது. ஒழுக்கம் வீட்டிலேயே அமைந்துவிடும் என்ற வாதமோ இலக்கைத் தவறவிடுகிறது: பாய்ஜாலிக்குத் தேவைப்பட்டது நற்குணம் மட்டுமன்று, அரைகுறைத் தரவைக்கொண்டு மேலாளரை இணங்கவைக்கும் திறனும்கூட. இந்தியக் கல்லூரிகள் இக்கல்வியைப் புறக்கணிக்கவும் முடியாது: பொறியியல் பட்டங்களின் தகுதியை நாடுகளுக்கிடையே ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் முழு உறுப்பினரானது. பட்டதாரிகளிடம் அவ்வுடன்படிக்கை எதிர்பார்க்கும் திறன்களுள் அறநெறியும் ஒன்று.