வெப்பமானியை எங்கே தொங்கவிடுவது?

 

மத்திய கிழக்குக்கு வேலைக்கோ உம்ராவுக்கோ போய்வந்த நம்மவர்களுக்கு ஞாபகம் இருக்கும். விமானத்தில் ஆசனத்துக்கு முன்னால் உள்ள சின்னத் திரையில் வெளி வெப்பநிலை மறை 50 பாகை என்று காட்டும். சென்ற தவணை வகுப்பில் வெப்பமானி பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: "சேர், பிளேன்ல வெளியில எவ்வளவு குளிர்னு காட்டுமாம், உம்மா சொன்னாங்க. அந்த வெப்பமானிய எங்க சேர் வச்சிருப்பாங்க?"

நல்ல கேள்வி. அன்று நாம் மூன்று வெப்பமானிகளைத் தொங்கவிட்டிருந்தோம். ஒன்று தகரக் கூரைக்குக் கீழே, ஒன்று வெயில் விழும் சுவரில், ஒன்று காற்றோட்டமான நிழலில். மூன்றும் மூன்று விதமாகக் காட்டின. "எது சேர் சரி?" என்று பிள்ளைகள் சண்டை. மூன்றுமே சரி. வெப்பமானி பொய் சொல்லாது. ஆனால் அது சொல்வது தன்னுடைய சூட்டை மட்டும்தான். அந்தச் சூடு காற்றுடையதா, கூரையுடையதா, சூரியனுடையதா என்பதை நாம் அதை வைத்த இடம் தீர்மானிக்கிறது. இந்தச் சின்ன விடயத்தைச் சரியாகப் பிடிக்க மனிதனுக்கு நெடுங்காலம் எடுத்தது. அந்தக் கதையைத்தான் இன்று பகிர்கிறோம்.

நமது மலையகத்துக்கு வெப்பமானி வந்தது தேயிலைக்கு முன்னரே. 1816 முதல் 1820 வரை இலங்கையில் இராணுவ வைத்தியராக இருந்த ஜோன் டேவி, போன இடமெல்லாம் வெப்பநிலையைக் குறித்தவர். 1821இல் இலண்டனில் வெளியான அவரது நூலில் நுவரெலியா பற்றிய குறிப்பும் உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் வெப்பமானியை எப்படி வைக்க வேண்டும் என்று பொதுவான முறை இருக்கவில்லை. ஒருவர் ஜன்னலில் வைப்பார், இன்னொருவர் மரத்தில் கட்டுவார். ஓர் ஊரின் அளவை இன்னோர் ஊரின் அளவோடு ஒப்பிட முடியாது.

இதற்கு ஒரு வழி சொன்னவர் தோமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர். வெளிச்சவீடு கட்டுவது அவரது தொழில். 'புதையல் தீவு' எழுதிய ரொபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் தந்தை. 1864இல் அவர் ஒரு வெள்ளை மரப்பெட்டியை அறிமுகப்படுத்தினார். நாலு பக்கமும் இரட்டைச் சாய்பலகைகள். காற்று நுழையும், வெயில் நுழையாது. கால்களில் நிற்பதால் தரையின் சூடும் நேரே தாக்காது. வானிலை நிலையங்களில் நாம் காணும் பெட்டி அதுதான்.

தரையில் பிரச்சினை ஓரளவு தீர்ந்தது. வானத்தில்?

1862 செப்டெம்பர் 5ஆம் திகதி ஜேம்ஸ் கிளேஷரும் ஹென்ரி கொக்ஸ்வெலும் இங்கிலாந்தில் பலூனில் ஏறினார்கள். உயரே போகப் போகக் காற்று மெலிந்து கிளேஷர் மயங்கி விழுந்தார். கொக்ஸ்வெலின் கைகள் குளிரில் மரத்துப்போக, வாயு திறக்கும் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தார். அதனால்தான் இருவரும் உயிரோடு இறங்கினார்கள். உயிரைப் பணயம் வைத்து எடுத்த அளவுகள்! ஆனால் கருவிகள் இருந்தது பலூன் கூடைக்குள்ளே, ஒரு பலகையில். பலூன் காற்றோடு சேர்ந்தே போவதால் கூடைக்குள் காற்று அசைவதில்லை, வெயிலோ சுட்டெரிக்கும். ஜேர்மனியின் ரிச்சர்ட் அஸ்மன் இந்தப் பலவீனத்தைச் சுட்டிக்காட்டினார். பளபளப்பான உலோகக் குழாய்க்குள் வெப்பமானியை வைத்து, சிறு விசிறியால் காற்றை இழுத்து ஓடவைக்கும் கருவியொன்றை அவர் செய்தார். அத்தகைய கருவியோடு 1894 டிசம்பர் 4ஆம் திகதி ஆர்தர் பெர்சன் 9,155 மீற்றர் உயரம் சென்று மறை 47.9 பாகை அளந்தார்.

பின்னர் பிரான்ஸில் தெய்செரென் டி போர் என்பவர் ஆளில்லாப் பலூன்களில் கருவிகளை அனுப்பினார். சுமார் 11 கிலோமீற்றருக்கு மேலே குளிர் கூடுவது நின்றுவிட்டது. அவர் உடனே சந்தோசப்படவில்லை. "வெயில் பட்டுத்தான் கருவி இப்படிக் காட்டுகிறதோ?" என்ற சந்தேகம். அதனால் இரவிலும் பலூன் விட்டார். 200க்கு மேற்பட்ட பலூன்களுக்குப் பிறகு, 1902இல்தான் முடிவை அறிவித்தார். நாம் இன்று படை மண்டலம் என்று படிப்பிப்பது அப்படிக் கிடைத்தது.

இனிப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். பல நாடுகளில் பொழுதுபோக்காகவே சிறு விமானத்தைத் தம் வீட்டுக் கொட்டகையில் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். வெளிக்காற்றின் வெப்பமானியை எங்கே பொருத்துவது என்பது அவர்களுக்கு உண்மையான தலையிடி. இயந்திரம் முன்னால் இருந்தால் அதன் சூடான காற்றும் புகையும் உடலின் அடிப்பாகம் வழியாகப் பின்னோக்கி ஓடும். அந்த வழியில் வைக்கக் கூடாது. மேற்புறத்தில் வைத்தால் வெயில். ஆகவே உடலிலிருந்து தள்ளி, இறக்கையின் அடியில் நிழலான இடமே பலரின் தெரிவு. அங்கேயும் ஒரு பிழை மிஞ்சும்: வேகமாக மோதும் காற்று அமுங்கிச் சூடாகும். மணிக்கு 185 கிலோமீற்றரில் அது ஒரு பாகைக்குச் சற்று அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் பிழை நாலு மடங்கு. மணிக்கு 900 கிலோமீற்றரில் பறக்கும் பெரிய விமானத்தில் சுமார் 30 பாகை! உம்மா பார்த்த மறை 50, கணினி அதைக் கழித்துவிட்டுக் காட்டியது.

இது விமானிக்கு உயிர் விடயம். பூச்சியத்துக்குப் பக்கத்தில் இரண்டு பாகை பிழைத்தால், மழை என்று அவர் நினைத்த மேகம் இறக்கையில் பனிக்கட்டியாகப் படியும். நமது மலை போன்ற இடத்தில் இன்னொன்றும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,100 அடி. பகல் 20 பாகை வெயிலில் அங்கே காற்று மெலிந்து, விமானத்துக்கு 8,000 அடியில் பறப்பது போலிருக்கும். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கி ஏறும் மிதவை விமானத்தின் விமானியும் இந்தக் கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும்.

நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். ஜனவரி, பெப்ரவரியில் துகள் பனி விழும்போது இதே கேள்வி நம் வாசலுக்கு வருகிறது. "போனில் 4 பாகை என்றுதானே காட்டியது, பிறகெப்படிக் கிழங்கு கருகியது?" என்று விவசாயிகள் கேட்பதை நாம் கேட்டிருக்கிறோம். முன்னறிவிப்பில் வருவது ஆள் மட்ட உயரத்துக் காற்றின் வெப்பநிலை. வானம் தெளிந்து காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானுக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று பாரமானது. பள்ளம் தேடி இறங்கித் தேங்கும். ஆள் மட்டத்தில் 4 பாகை இருக்கும்போதே புல்லிலும் கொழுந்திலும் பூச்சியத்துக்குக் கீழே போகலாம். காலையில் வெள்ளையாகத் தெரியும் கொழுந்து வெயில் ஏறியதும் கருகும். கருகிய மலையில் நிறை வராது. அரைப்பேர் விழுவது நம் அக்காமார், சாச்சிமாருக்குத்தான்.

ஆகவே தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சாதாரண வெப்பமானியை வாங்கி, உங்கள் காணியின் ஆகப் பள்ளமான இடத்தில், பயிரின் உயரத்தில், திறந்த வானத்தின் கீழ் வையுங்கள். சூரியன் வருமுன் பாருங்கள். போன் சொல்வதற்கும் அதற்கும் எத்தனை பாகை வித்தியாசம் என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். ஒரு பனிக்காலம் முடியும்போது, எந்த இரவில் பயிரை மூட வேண்டும் என்று அந்தக் கொப்பியே சொல்லும்.

நமது வகுப்புப் பிள்ளைகள் அடுத்த பனிக்காலத்தில் இதைச் செய்யப் போகிறார்கள், இன்ஷா அல்லாஹ். எந்த அளவைக் கேட்டாலும் அவர்கள் இப்போது முதலில் கேட்பது ஒன்றுதான்: "எங்க வச்சு அளந்தது சேர்?" நாமும் அந்தக் கேள்வியைப் பழகிக்கொள்வோம்.