டேனிஷ் மொழித் தேர்வு: யாருக்கு எந்த லெவல்? படித்தால் மட்டும் பாஸ் ஆக முடியுமா?

டென்மார்க்கில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தாலே வாழ்ந்துவிடலாம். ஐ.டி. அலுவலகத்தில் ஆங்கிலம், சூப்பர் மார்க்கெட்டில் ஆங்கிலம், பஸ் டிரைவர்கூட ஆங்கிலத்தில் பேசுவார். அதனால், "டேனிஷ் எதுக்கு, பார்த்துக்கலாம்" என்று பலரும் தள்ளிப் போடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்து நிரந்தரக் குடியுரிமை அனுமதிக்கு விண்ணப்பிக்க உட்காரும்போதுதான், மொழித் தேர்வுச் சான்றிதழ் இல்லாமல் ஒன்றும் நகராது என்று தெரிய வரும். தேர்வோ ஆண்டுக்கு இரண்டு முறைதான். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தத் தேர்வு என்ன, எப்படித் தயாராவது, நம்மவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்? பார்க்கலாம்.

ஒரே தேர்வு இல்லை, நான்கு

ஐ.இ.எல்.டி.எஸ். எழுதியவர்களுக்கு முதலில் இங்கேதான் குழப்பம் வரும். ஐ.இ.எல்.டி.எஸ்-ல் ஒரே வினாத்தாள், யாருக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதுதான் கணக்கு. டேனிஷில் அப்படி இல்லை. லெவலுக்கு ஒரு தேர்வு. 'ப்ரோவ இ டான்ஸ்க்' என்ற பெயரில் 1, 2, 3 என்று மூன்று தேர்வுகள். சுருக்கமாக பி.டி.1, பி.டி.2, பி.டி.3 என்பார்கள். அதற்கும் மேலே 'ஸ்டூடியப்ரோவன்' என்று ஒன்று இருக்கிறது.

ஐரோப்பிய மொழி அளவுகோலில் சொன்னால் பி.டி.2 என்பது பி1 நிலை, பி.டி.3 என்பது பி2 நிலை, ஸ்டூடியப்ரோவன் சி1 நிலை. பி.டி.1 இவற்றுக்குக் கீழே.

எதை எழுதுவது? உங்களுக்கு என்ன தேவை என்பதைப் பொறுத்தது. நிரந்தரக் குடியுரிமை அனுமதிக்கு பி.டி.2 கட்டாயம். பொதுவாக 8 ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நான்கு கூடுதல் நிபந்தனைகளையும் பூர்த்தி செய்தால் 4 ஆண்டுகளிலேயே கிடைக்கும். அந்த நான்கில் ஒன்று பி.டி.3 பாஸ் ஆவது. அதாவது ஒரு படி மேலே எழுதினால் காத்திருப்பு பாதியாகக் குறைய வழி இருக்கிறது. மற்ற மூன்றும் வேலை, வருமானம், சமூகப் பங்கேற்பு சம்பந்தப்பட்டவை.

டேனிஷ் குடியுரிமையே, அதாவது பாஸ்போர்ட்டே வேண்டும் என்றால் பி.டி.3 வேண்டும். கடந்த 9 ஆண்டுகளில் குறைந்தது எட்டரை ஆண்டுகள் அரசு உதவித்தொகை இல்லாமல் சொந்தக் காலில் நின்றவர்களுக்கு மட்டும் பி.டி.2 போதும் என்று ஒரு சலுகை உண்டு. குடியுரிமைக்கு மொழித் தேர்வோடு முடியாது. நாட்டின் வரலாறு, சமூகம் பற்றி 45 கேள்விகள் கொண்ட தனித் தேர்வும் இருக்கிறது. அதில் 36 சரியாக இருக்க வேண்டும். டேனிஷ் விழுமியங்கள் பற்றிய 5 கேள்விகளில் 4 கண்டிப்பாகச் சரியாக இருக்க வேண்டும். அதுவும் டேனிஷில்தான்.

டேனிஷ் வழியில் பட்டப்படிப்பு படிக்க நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது ஸ்டூடியப்ரோவனை. குடும்ப மறுஇணைப்பு அனுமதியில் கணவர் அல்லது மனைவியோடு சேரப் போகிறவர்களுக்கு வேறு கணக்கு: பொதுவாக ஆறு மாதத்துக்குள் ஏ1, ஒன்பது மாதத்துக்குள் ஏ2 தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். புதுசாகக் கல்யாணமாகிப் போகிறவர்கள் இதைப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. டென்மார்க்கின் குடியேற்ற விதிகள் அடிக்கடி மாறும். விண்ணப்பிக்கும் முன் 'நியூ டு டென்மார்க்' அரசு இணையதளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பழைய யூடியூப் வீடியோவை நம்ப வேண்டாம்.

எங்கே படிப்பது?

அங்கு போனவுடன் உள்ளூர் நகராட்சி வழியாக மொழிப் பள்ளியில் சேரலாம். மூன்று தனித் தடங்கள் உண்டு. லத்தீன் எழுத்துகளில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பள்ளிப் படிப்பு இல்லாதவர்களுக்கும் முதல் தடம். குறைவாகப் படித்தவர்களுக்கு இரண்டாவது. பட்டப்படிப்பு படித்தவர்களைப் பெரும்பாலும் மூன்றாவது தடத்தில்தான் போடுவார்கள். வேகம் அதிகம். இந்தத் தடத்தின் முடிவில்தான் பி.டி.3 வருகிறது.

படிப்பு மாட்யூல் மாட்யூலாக நகரும். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு தேர்வு. வேலைக்குப் போகிறவர்கள் ஒரு வைப்புத்தொகை கட்ட வேண்டும். இந்த வகுப்பு வாழ்நாள் முழுக்கக் கிடைக்காது, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். "வேலைப்பளு குறையட்டும், அப்புறம் சேரலாம்" என்பவர்கள் இழப்பது இதைத்தான். பள்ளிக்குப் போகாமல் தானாகப் படித்தும் கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம்.

தேர்வில் என்ன கேட்பார்கள்?

வாசித்துப் புரிந்துகொள்ளுதல், எழுதுதல், பேசுதல். மூன்றே பகுதி. ஆண்டுக்கு இரண்டு சீசன்: மே-ஜூன், நவம்பர்-டிசம்பர். பி.டி.3-ன் எழுத்துப் பகுதியில் மின்னஞ்சல் ஒன்று எழுத வேண்டும், கருத்தை விளக்கும் நீளமான பதில் ஒன்று எழுத வேண்டும். பேச்சுத் தேர்வில் ஒரு தலைப்பைப் பற்றிப் பேசிவிட்டு, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எதிரே தேர்வாளர் ஒருவர், வெளியிலிருந்து வந்த இன்னொரு மதிப்பீட்டாளர் ஒருவர்.

மதிப்பெண் முறை விசித்திரமானது. 12, 10, 7, 4, 02, 00, மைனஸ் 3 என்று ஏழே படிகள். நடுவில் எண்கள் கிடையாது. 02 வந்தால் பாஸ். மார்க் ஷீட்டில் 02-ஐப் பார்த்துவிட்டு ஊரில் இருக்கும் அப்பா பதறினால், "பாஸ்தான்ப்பா" என்று விளக்க வேண்டியிருக்கும்.

கவனித்தீர்களா? கேட்டல் தேர்வு என்று தனியாக எதுவும் இல்லை. கேட்டவுடன் நிம்மதியாக இருக்கும். ஆனால் பலரும் கவிழ்வது இந்த இடத்தில்தான். கேள்வி புரியாவிட்டால் பேச்சுத் தேர்வில் பதில் எப்படி வரும்? மனப்பாடம் செய்தது முதல் சில நிமிடங்களுக்கு ஓடும். தேர்வாளர் குறுக்கே ஒரு கேள்வி போட்டதும் நின்றுவிடும்.

எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று

டேனிஷை வாசிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. ஆங்கிலத்துக்கு உறவுக்கார மொழி. வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறாது. 'நான், நீ, அவர்கள்' எல்லாருக்கும் ஒரே வடிவம். 'படித்தேன், படித்தாய், படித்தார்கள்' என்று விகுதி மாற்றிப் பழகிய நமக்கு இது பெரிய தள்ளுபடி. 'அந்த வீடு' என்பதில் வரும் 'அந்த'வைச் சொல்லின் கடைசியில் ஒட்டுவார்கள். வேற்றுமை உருபைச் சொல்லின் முடிவில் ஒட்டும் தமிழனுக்கு இதில் அதிர்ச்சி இருக்காது.

பிரச்சினை வாயைத் திறந்ததும் ஆரம்பிக்கிறது. எழுத்தில் உயிரெழுத்து 9. உயிர் ஒலிகளோ இருபதை ஒட்டி வரும். மெய்யெழுத்துகளில் பாதியை விழுங்கிவிடுவார்கள். 'நான்' என்பதை எழுதினால் ஜே, ஈ, ஜி. பேசினால் 'யை'. டேனிஷ் குழந்தைகளே சிறு வயதில் மற்ற நோர்டிக் நாட்டுக் குழந்தைகளைவிட மெதுவாகத்தான் சொற்களைக் கற்கிறார்கள் என்று டென்மார்க்கிலேயே நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியிருக்க, முப்பது வயதில் ஆரம்பிக்கிற நாம் கூச்சப்பட என்ன இருக்கிறது?

இன்னொரு விஷயம், 'ஸ்டோட்'. தொண்டையில் ஒரு சின்ன வெட்டு, விக்கல் பாதியில் நின்ற மாதிரி. அது இருந்தால் ஒரு அர்த்தம், இல்லையென்றால் வேறு. அம்மாவுக்கு டேனிஷில் 'மோர்'. நம்ம ஊர் மோர் இல்லை. அதே 'மோர்' ஸ்டோட்டோடு வந்தால் 'கொலை'! 'அவள்' என்ற சொல்லும் 'நாய்' என்ற சொல்லும் அப்படித்தான், இரண்டுமே காதில் 'ஹுன்' என்றே விழும். வெட்டு மட்டும்தான் வித்தியாசம். ல, ழ, ள வித்தியாசத்தை வெளிநாட்டு நண்பருக்குச் சொல்லிக்கொடுத்துத் தோற்றவர்களுக்கு இது புரியும்.

எண்கள் தனிக் கதை. 50-லிருந்து 90 வரை இருபது இருபதாக எண்ணுவார்கள். 60 என்றால் 'மூன்று இருபது'. 80 'நாலு இருபது'. 50 'இரண்டரை இருபது', 70 'மூன்றரை இருபது', 90 'நாலரை இருபது'. இவை சுருங்கி ஹால்ட்ரெஸ், ஹால்ஃபியர்ஸ், ஹால்ஃபெம்ஸ் என்று ஆகிவிட்டன. இதோடு ஒன்றாம் இடத்தை முதலில் சொல்வார்கள். 92 என்றால் 'இரண்டும் நாலரை இருபதும்'. டென்மார்க்கில் போன் நம்பர் 8 இலக்கம், அதை இரண்டு இரண்டாகச் சொல்வார்கள். யாராவது வேகமாகச் சொல்லும்போது நீங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் நம்பர் போயேபோச்சு. கணக்குப் போடாதீர்கள். ஒலியையும் எண்ணையும் நேராகச் சேர்த்து மனதில் ஏற்றுங்கள்.

எழுத்தில் தமிழர்கள் செய்யும் தப்பு

தமிழில் வினை கடைசியில் வரும். டேனிஷில் வினைக்கு இரண்டாவது இடம், அதை விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். 'நான் போகிறேன் இன்று வேலைக்கு' என்பது சரி. 'இன்று' என்று ஆரம்பித்தால் 'இன்று போகிறேன் நான் வேலைக்கு' என்று எழுத வேண்டும். ஆங்கிலப் பழக்கத்தில் 'இன்று நான் போகிறேன்' என்று எழுதினால் தவறு.

'இல்லை' என்ற சொல்லும் இடம் மாறும். தனி வாக்கியத்தில் 'நான் வருகிறேன் இல்லை'. 'ஏனென்றால்' போட்டுத் தொடங்கும் துணை வாக்கியத்தில் 'நான் இல்லை வருகிறேன்'. வேறு இலக்கணத்தை எல்லாம் விட்டுவிட்டு இந்த இரண்டை மட்டும் பிடித்தாலே உங்கள் எழுத்து ஒரு படி ஏறும் என்பது என் கருத்து. பெயர்ச்சொல்லுக்கு இரண்டு பால் உண்டு. ஏறக்குறைய நான்கில் மூன்று சொற்கள் பொதுப்பாலில்தான் வரும். சந்தேகம் வந்தால் அதையே போடுங்கள், பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

அப்போ எப்படித் தயாராவது?

முந்தைய தேர்வுகளின் மாதிரி வினாக்களை அரசே இணையத்தில் தருகிறது. முதலில் அதை எடுத்து, நேரம் வைத்து ஒரு முறை எழுதிப் பாருங்கள். எந்தப் பகுதியில் அடி வாங்குகிறோம் என்று அப்போதே தெரிந்துவிடும்.

காதுக்கு, டென்மார்க்கின் பொது ஒளிபரப்பு நிறுவனமான டி.ஆர். வழங்கும் 'லீகடில்' செய்திகளைப் பாருங்கள். எளிய டேனிஷில் இருக்கும். அதே நிறுவனத்தின் குழந்தைகள் சேனல் 'ராமஷாங்'கும் உதவும். கார்ட்டூன் பார்க்க வெட்கப்பட வேண்டாம். டேனிஷ் நிகழ்ச்சியை டேனிஷ் சப்டைட்டிலோடு பாருங்கள், ஆங்கில சப்டைட்டில் வேண்டாம். எழுத்தில் இருப்பது ஒலியில் எப்படிக் கரைகிறது என்று அப்போதுதான் பிடிபடும். சந்தேகமான சொல்லை 'டென் டான்ஸ்க ஓர்ட்போ' என்ற இணைய அகராதியில் போட்டால் உச்சரிப்பைக் கேட்கலாம்.

பேசத்தான் ஆள் கிடைக்காது. நீங்கள் டேனிஷில் ஆரம்பித்தால், நம் தடுமாற்றத்தைப் பார்த்து உதவி செய்வதாக நினைத்து அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அதற்கு ஒரே வழி, "நாம் டேனிஷில் பேசலாமா?" என்று டேனிஷிலேயே கேட்பது. 'கேன் வி டேல டான்ஸ்க்?' பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். பல ஊர் நூலகங்களில் 'மொழி கஃபே' நடக்கிறது. தன்னார்வலர்கள் காபி கொடுத்து உட்கார வைத்துப் பேசுவார்கள்.

இன்னொரு வழி நம்மவர்கள். 1980-களில் போரிலிருந்து தப்பி டென்மார்க் போன இலங்கைத் தமிழர்களின் பிள்ளைகள் இன்று டேனிஷைத் தாய்மொழி போலப் பேசுகிறார்கள். அந்தத் தமிழர்களின் குடும்பத்தினரை வரவிடாமல் 1987-ல் விண்ணப்பங்களை நிறுத்தி வைத்த விவகாரத்தில்தான் 1993-ல் பிரதமர் பவுல் ஸ்லூட்டரே பதவி விலகினார். அந்த நாட்டு அரசியல் வரலாற்றில் அதற்குப் பெயரே 'தமிழர் வழக்கு'. அந்தத் தலைமுறைக் குடும்பம் பக்கத்தில் இருந்தால் தயங்காமல் போய்ப் பேசுங்கள். எந்த இடத்தில் தமிழ் நாக்கு மடங்காது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கடைசி மாதம்

பதிவுக்கான கடைசித் தேதி தேர்வுக்கு வெகு முன்பே முடிந்துவிடும். மே மாதத் தேர்வு என்றால் ஆண்டு தொடக்கத்திலேயே உங்கள் மொழிப் பள்ளியில் கேட்டுவிடுங்கள். பேச்சுத் தேர்வுக்குத் தலைப்பைத் தயாரிக்கும்போது முழுதாக எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம். ஐந்தாறு குறிப்புச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, போனில் பதிவு செய்து தினமும் வேறு வேறு வாக்கியங்களில் சொல்லிப் பாருங்கள். வீட்டில் யாரையாவது குறுக்கே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் தேர்வு அறையில் அமைதியாக உட்காராதீர்கள். "இன்னொரு முறை சொல்ல முடியுமா?" என்று டேனிஷில் கேட்பதும் பேச்சுதான். அன்றைக்குப் புகைப்பட அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.