பாடியா? லென்ஸா?

ஓசூர் பக்கத்துக் காடுகளில் யானைகளைப் படம்பிடிக்க ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆர். வாங்க நினைப்பவருக்கு வரும் முதல் குழப்பம், பணத்தைப் பாடியில் போடுவதா, லென்ஸில் போடுவதா என்பதுதான். இதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது.

நிக்கான் 1959-ல் எஃப் மவுண்ட்டைக் கொண்டுவந்தது. அதன் முதல் ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆரான டி3, 2007-ல் வந்தபோதும் அதே மவுண்ட்தான். ஃபிலிம் காலத்து லென்ஸ்கள் பல அதிலும் பொருந்தின. கேனானோ 1987-ல் மவுண்ட்டையே மாற்றியது. பழைய எஃப்.டி. லென்ஸ்கள் புதிய பாடிகளில் நேரடியாகப் பொருந்தவில்லை.

தமிழகத்தின் காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் (1912-1996) வேறு வழி கண்டார். ஒரு கேமராவின் பாடியில் வேறொரு நிறுவனத்தின் டெலிபோட்டோ லென்ஸை இணைத்தார். 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குப் பெயரும் வைத்தார். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த அவர் பத்மஸ்ரீ பெற்றார்.

பாடி சீக்கிரம் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் அடுத்த பாடிக்கும் உதவும், மவுண்ட் மாறாதவரை!